நகம் சிக்கும் கோடு

நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள்,
வழுக்கினால் மேல்பூச்சோடு போன கீறல்,
சிக்கினால் ஆழம் என்றார்
நார்த்டேல் ஹார்ட்வேர் கடைக்காரர்.
சிக்கியது.
சிக்கும் என்று எனக்குத் தெரியும்.
அன்று சாவி பிடித்ததும் இதே கைதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோர்ட்டில்
வீடு பூபாலனுக்கு,
கறுப்பு மெர்சிடிஸ் எனக்கு என்று எழுதினார்கள்.
கதவிலிருந்த கோட்டை எவரும் எழுதவில்லை.
அது முன்பே என் பெயரில்தான் இருந்தது.

சனிக்கிழமை. வாடகை வீட்டு முற்றம்.
ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு,
ஊறிக்கொண்டிருக்கும் இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாள்.
கோட்டுக்கு மேலும் கீழும் நீல டேப்.
தேய்க்கத் தேய்க்க
கண்புரை விழுந்ததுபோல் மங்குகிறது கதவு.
வழியும் நீர் பாலாக இருக்கும்வரை பயமில்லை;
கறுத்தால் நிறத்தையே தின்கிறாய், நிறுத்து.
இப்படி ஓர் அடையாளம்
கல்யாணத்துக்கும் இருந்திருக்கலாம்.

கோடு ஒரே சீராகவும் இல்லை.
ஓட்டுநர் கதவில் தகரம் தெரிய,
கைப்பிடிக்குக் கீழே இன்னும் அழுத்தி,
பின்கதவுக்கு வருகையில் கோபத்துக்கு மூச்சு வாங்கியிருக்கிறது.
பெட்ரோல் மூடியருகே ஒரு துள்ளல்.
அதோடு சரி.
அந்நேரம்தான் எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

பல்குச்சி நுனியில் கறுப்பைத் தொட்டுப்
பள்ளத்தில் வைக்கிறேன்.
காய்கிறது, வற்றுகிறது, மறுபடி ஒரு சொட்டு.
தேவாவிடம் இரவல் வாங்கிய பாலிஷ் மெஷின்
பாதிக் கதவில் செத்தது.
மின்வெட்டு. இரண்டரை மணி நேரம்.
கூரைமேல் ஹடீடாக்கள்
யாரையோ திட்டிக்கொண்டே பறந்தன.

சரி, அதுவரை தோல் இருக்கை.
பழைய டூத்பிரஷ்ஷால் சுழற்றச் சுழற்ற
நுரை தேநீர் நிறத்தில் எழுந்தது:
பதினோரு வருட வியர்வை, ஆஃப்டர்ஷேவ்,
மடியில் வைத்துத் தின்ற பன்னி சௌவின் மஞ்சள் எண்ணெய்.
அவன் இறங்குகிற பக்கத்து விளிம்பு
நூல் தெரியத் தேய்ந்திருந்தது.
ஒருவன் எத்தனை முறை எழுந்து போனான் என்று
தோல் கணக்கு வைத்திருக்கிறது.
ஸ்பாஞ்சில் சாயம் எடுத்து மூன்று தடவை ஒற்றினேன்.
கணக்கு அழிந்தது.
எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு.
மறுநாள் காலை கோட்டைப் பார்த்தவன்
என்னைச் சந்தேகிக்கவே இல்லை.
அத்தனை துணிச்சல் இவளுக்கேது என்ற நம்பிக்கை.
ஞாயிறுதோறும் இருபது ராண்டுக்குக் கார் கழுவ வரும்
லிண்டானியின் சட்டையைத்தான் பிடித்தான்.
பதினைந்து வயது.
வாளி உருண்டு சாக்கடைவரை போயிற்று.
நான் சமையலறை ஜன்னலில்
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
களைந்த அரிசியையே களைந்துகொண்டிருந்தேன்.

அணைக்க மறந்த மெஷின்
மின்சாரம் வந்ததும் தரையில் கிடந்து அலறியது.
பொழுது சாய்வதற்குள்
கதவில் என் முகம் தெரிந்தது,
ஒரு நெளிவும் இல்லாமல்.

சோட்டா மோத்தாலா சாலை பெட்ரோல் பங்க்.
சிவப்புச் சட்டையில் அவன்.
மீசை வந்திருக்கிறது.
ஃபுல் போடவா என்று கேட்டபடி
கோடு முடிந்த இடத்தில் வந்து நின்று
மூடியைத் திறந்தான்.
'நல்லா மின்னுது, ஆன்ட்டி.'
லிண்டானி, அன்றைக்கு இதைக் கீறியது நான்.
எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.
அறுநூறு. அறுநூற்று நாற்பது.
அவன் எண்களைப் பார்த்தான், நான் அவனை.
குழாய் டக்கென்று நின்றது.
மூடியைத் திருகினான்.
பக்கத்தில், பளபளப்பின்மேல்,
நகத்தை ஒருமுறை குறுக்கே இழுத்துப் பார்த்தான்.
'ஆயில், தண்ணீர் பார்க்கணுமா, மேடம்?'